கூட்டினால் எட்டு

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அம்மாவைக் கேட்டால் "அது தகப்பன்ர குணம்" என்று ஒரே வார்த்தையில் அப்பாவின் தலையில் கட்டிவிடுவார். அப்பா உயிரோடு இருந்தபோது "அது தாயின்ர குணம்" என்பார். யாருடையதோ, வந்து சேர்ந்தது என்னிடம்.

சுவிஸில், வின்டர்தூரில் நான் வேலைசெய்த தொழிற்சாலையில் ஆஸ்பத்திரிப் பம்புகளுக்கான சர்க்கிட் பலகைகள் செய்தார்கள். நோயாளியின் கையில் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றுகிற பம்ப். ஒவ்வொரு பலகையிலும் லேசரால் ஒரு சீரியல் நம்பர் பொறித்திருக்கும். 2016இல் ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் ஒரே நம்பரோடு இரண்டு பலகைகள் அகப்பட்டன. வெட்கக்கேடு. அதுவரை நம்பர்கள் ஒரு பொதுவான கணினிக் கோப்பில் கிடந்தன. வந்தவர் போனவர் எல்லாரும் எடுத்து அடிக்கலாம். திருவிழாவில் தண்ணீர்ப் பந்தல் மாதிரி.

எங்கள் மேலாளர் ஹெர் அம்மான் என்னைக் கூப்பிட்டார். சுவிஸ்காரர்தான், ஹெர் என்றால் திரு, அவருடைய குடும்பப் பெயரே அம்மான். கீழே வேலைசெய்கிற எங்கள் தமிழ்ப் பெண்களுக்கு அதில் தீராத சந்தோஷம். "மாமன் முறைக்காரன் சம்பளத்தைக் கூட்டித் தரமாட்டன் எண்டுறான்" என்று சிரிப்பார்கள். அந்த அம்மான் என்னிடம் சொன்னது இதுதான்: "சிவானுஜா, இனி ஒரு நம்பர், ஒரு பலகை, ஒரு ஆள். யார் கையால் என்ன நடந்தது என்று தெரிய வேண்டும். ஒருவராலும் அதை மாற்ற முடியக்கூடாது. உங்களாலும்கூட."

அப்படித்தான் அந்த மென்பொருளைக் கட்டினேன். ஒவ்வொருவருக்கும் ஒரு காட், அதாவது அடையாள அட்டை, கூடவே நான்கு இலக்கப் பின் நம்பர். இரண்டும் சேர்ந்தால்தான் பலகைக்கு நம்பர் பிறக்கும். பலகையை யார் சோதித்தார் என்று பதிந்தால் பதிந்ததுதான், அழிக்க வழியில்லை. பிழை என்றால் அதன் கீழே திருத்தம் எழுதலாம். அதையும் அந்த ஆளே தன் காட்டைப் போட்டு, காரணம் காட்டி, இன்னொருவர் சாட்சி வைத்து எழுத வேண்டும். நான் கட்டியதிலேயே எனக்கு அதிகம் பிடித்தது அது. அம்மாவுக்கும் பெருமை. அந்தத் தொழிற்சாலையின் கீழ்த்தளத்தில், உருப்பெருக்கிக்கு முன்னால் குனிந்து, பலகைகளில் ஈயத்தால் ஒட்டிய பொட்டுகளைச் சோதிக்கிறவர்களில் என் அம்மா மனோகரியும் ஒருவர். "என்ர பிள்ளை செய்தது" என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பின் நம்பர் தெரிவு செய்யச் சொன்ன நாளில் நடந்ததை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். இரகசியமாக வைத்திருங்கோ என்று ஜெர்மனிலும் தமிழிலும் படித்துப் படித்துச் சொன்னேன். எங்கள் பெண்கள் மூன்று பேரும், அம்மா, கலாவதி அன்ரி, ஞானேஸ்வரி அன்ரி, ஒன்பது மணித் தேநீர் நேரத்தில் வட்டமாக உட்கார்ந்து, எண் சாத்திரம் தெரிந்த ஞானேஸ்வரி அன்ரியையே கொண்டு ஆளுக்கொரு நம்பர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா முதலில் கேட்ட நம்பரை அன்ரி விரலில் கூட்டிப் பார்த்து, "எட்டு வருகுது. எட்டுச் சனியன்ர எண், வேண்டாம் மனோகரி" என்று தள்ளிவிட்டு வேறொன்று கொடுத்தார். ஆக, மூன்று பேரின் இரகசியமும் மூன்று பேருக்கும் தெரியும். மேசையைத் துடைக்க வந்தவருக்கும் தெரிந்திருக்கும்.

திருட்டுக் காட்டைப் பிடிப்பதற்கென்று ஒரு சிறு சோதனையும் எழுதி வைத்திருந்தேன். யாருடைய காட் எப்போது வேலைசெய்கிறது, எப்போது சும்மா இருக்கிறது என்று பார்த்து, வழமைக்கு மாறாக இருந்தால் எனக்கு மட்டும் ஓர் அறிக்கை அனுப்பும். முதல் முறையாக அது வந்தது மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. திறந்து பார்த்தால் அம்மாவின் பெயர்.

அம்மாவின் காட் உருப்பெருக்கியில் வேலைசெய்கிற போதெல்லாம் பக்கத்து மேசைக் கலாவதி அன்ரியின் காட் தூங்கியது. கலாவதி அன்ரியின் காட் விழித்தால் அம்மாவின் காட் தூங்கியது. ஒரு நாள் இல்லை, வாரக்கணக்காக. ஒரே ஆள் இரண்டு காட்டையும் போடுகிறார் என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தம் இல்லை. கலாவதி அன்ரி அம்மாவின் காட்டை எடுத்துப் பாவிக்கிறார் என்றுதான் நினைத்தேன். ஏன் என்று தெரியவில்லை. கோபம் மட்டும் தலைக்கு ஏறிவிட்டது. சின்ன வயதில் என்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போன மனிசி, இப்படியா என்று படியிறங்கினேன்.

கண்ணாடிக் கதவுக்கு இப்பால் நின்று பார்த்தேன். அம்மாவின் மேசையில் கலாவதி அன்ரி குனிந்திருந்தார். வாசிப்பானில் சொருகியிருந்தது அம்மாவின் காட், நீல நாடா கட்டியது. அம்மா பின்னால் நின்று, முடிந்த பலகைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். பிறகு கலாவதி அன்ரி ஏதோ சொல்ல, அம்மா ஒரு பலகையை இடுக்கியால் எடுக்கப் போனார். வலக்கை ஆடியது. இடுக்கியின் நுனி பலகையின் விளிம்பில் டக் டக் என்று தட்டுவது கதவுக்கு வெளியே எனக்குக் கேட்டது. அம்மா இடக்கையால் வலக்கையைப் பிடித்து அமர்த்தினார். அமரவில்லை. கலாவதி அன்ரி திரும்பிப் பார்க்காமலே அந்த இடுக்கியை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

நான் உள்ளே போகவில்லை. படியேறி என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிடுகிற மகளுக்குத் தெரியாதது நான் எழுதிய ஒரு மென்பொருளுக்குத் தெரிந்திருக்கிறது. யோசித்துப் பார்த்தால், அம்மா சில மாதமாகத் தேநீரை அரைக் கோப்பைதான் ஊற்றிக்கொள்வார். "சீனி குறைக்கிறன்" என்பார். நானும் நல்லது என்று விட்டுவிட்டேன். என்ன பிள்ளை நான் என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது.

எங்கள் வீடு அதே ஊரின் டொஸ் பகுதியில், பஸ் தரிப்புக்கு எதிரே. அன்று பின்னேரம் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா, கையைக் காட்டுங்கோ."

"ஏன், சாத்திரம் பாக்கப் போறியோ?"

"காட்டுங்கோ எண்டுறன்."

அம்மா கீரையை விடவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கலா சொல்லிப்போட்டாளோ?" என்றார்.

"கலா அன்ரி சொல்லேல்லை. நீங்கள் பெருமையாச் சொல்லிக்கொண்டு திரியிறியளே, என்ர பிள்ளை செய்தது எண்டு, அது சொன்னது. முழுப் பூசணிக்காயைச் சோத்துக்க மறைக்கலாம் எண்டு நினைச்சீங்களோ? டொக்டரிட்டக் காட்டினீங்களோ?"

"காட்டினால் அவர் அதுக்கு ஒரு பேர் சொல்லிப்போடுவார்" என்றார் அம்மா. "பேர் இல்லாமல் இருக்கும் மட்டும் அது சும்மா நடுக்கம்தானே."

அதற்குப் பிறகு கத்த முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, நானும் கீரையை இழுத்துக்கொண்டேன். அம்மா கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். கை ஆடத் தொடங்கியது தீபாவளிக்குப் பிறகு. முதலில் விரல், பிறகு மணிக்கட்டு. கலாவதி அன்ரி தானே கேட்டாராம், காட்டைத் தாங்கோ அக்கா, உங்கட பங்கையும் நானே பாக்கிறன் என்று. அவருடைய பிள்ளைப்பேறு நேரத்தில் அம்மா அவர் வேலையையும் சேர்த்துச் செய்தவராம். அம்மா பதிலுக்கு இரண்டு பேரின் தட்டையும் அடுக்கி, சுமந்து, கட்டி வைப்பார். காட்டைக் கொடுப்பது அவர்களுக்குப் பக்கத்து வீட்டில் சீனி கேட்டு வாங்குவது போலத்தான். நான் மாதக்கணக்காகக் கட்டிய பூட்டுக்குச் சாவியை வாசற்கதவிலேயே தொங்கவிட்டிருக்கிறார்கள்.

"பென்ஷனுக்கு இன்னும் ஏழு வருஷம் கிடக்கு. அம்மான்ர காதுக்குப் போனால் என்னையும் நிப்பாட்டிப்போடுவார், அவளையும் நிப்பாட்டிப்போடுவார்" என்றார் அம்மா. "நீ பேசாமல் இரு, பிள்ளை. உனக்கு மட்டும்தானே தெரியும்?"

உண்மைதான். எனக்கு மட்டும்தான் தெரியும். புதன்கிழமை ஆடிட். பம்ப் வாங்கும் கொம்பனியிலிருந்து இரண்டு பேர் வந்து பதிவுகளைப் பார்ப்பார்கள். பதிவை நான் அழிக்க முடியாது, ஆனால் என் அறிக்கையைத் திறக்காதது போல இருந்துவிடலாம். ஒருவரும் தேடமாட்டார்கள். நான் அதை உண்மையாகவே யோசித்தேன். எல்லாருக்கும் விதியைப் படித்துப் படித்துச் சொன்ன வாய்தான். அம்மா என்று வந்தவுடன் விளக்கைப் பிடித்துக்கொண்டு கிணற்றில் விழத் தயாராகிவிட்டேன்.

"ஒரு குறையும் வராது" என்றார் அம்மா, என் மனதைப் பார்த்தவர் போல. "கலான்ர கண் என்ர கண்ணை விட நல்லது. ஒரு பலகையும் பிழையாப் போகேல்லை. அது மட்டும் உறுதி. அப்பாவை நினைச்சுக்கொண்டுதான் சொல்லுறன்."

அப்பாவை ஏன் நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும். அப்பா கடைசியாகப் படுத்திருந்த கட்டிலருகே நின்ற பம்பில் எங்கள் பலகைதான் இருந்தது. அம்மா பகல் முழுவதும் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, பின்பக்கத்து நம்பரைப் பார்த்துக்கொண்டிருப்பார். "ஆரின்ர கையோ தெரியாது, நல்லாத்தான் செய்திருக்கினம். அவர் நோகாமல் கிடக்கிறார்" என்று ஒரு நாள் சொன்னார்.

அதனால்தான் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "அம்மா, கலா அன்ரியின்ர உருப்பெருக்கி ஒரு நாள் பழுதாப் போகுது எண்டு வைப்பம்" என்றேன். "அண்டைக்கு அவ ஒண்டைப் பாக்காமல் விட்டிட்டா. பிறகு தெரிய வருகுது. நாங்கள் என்ன செய்வம்? கலாவதி எண்டு பதிஞ்ச எல்லாப் பலகையையும் ஆஸ்பத்திரியளில இருந்து திருப்பி எடுப்பம். மனோகரி எண்டு பதிஞ்சது?"

அம்மாவின் கையில் கீரைத் தண்டு ஆடிக்கொண்டிருந்தது.

"அங்கேயே நிக்கும்" என்றார்.

"ஓம்."

"ஆரோ ஒராளின்ர கட்டிலுக்குப் பக்கத்தில."

"ஓம் அம்மா."

அம்மா எழுந்தார். கீரையைக் கழுவி, அடுப்பில் வைத்து, பருப்பையும் போட்டார். சாப்பிட்டு முடிந்த பிறகு, "எனக்கு அது யோசனைக்கு வரேல்லை" என்றார். "நல்லது செய்யிறம் எண்டுதான் நினைச்சன். ஆனைக்கும் அடி சறுக்கும், நான் ஆர்?" பிறகு கலாவதி அன்ரிக்குத் தொலைபேசி எடுத்து, "கலா, நாளைக்கு அந்த மனிசனிட்டப் போவம். நீ பயந்தால் நில், நான் தனியப் போறன்" என்றார். மறுமுனையில் கலாவதி அன்ரி, "நான் எங்க அக்கா உங்களைத் தனிய விட்டனான்" என்றது எனக்கும் கேட்டது.

மறுநாள் காலை நானும் கூடப் போக வெளிக்கிட்டேன். "நீ வராதை. என்ர டொய்ச் காணும்" என்று, தன் ஜெர்மன் போதும் என்ற நம்பிக்கையில், அம்மா தடுத்துவிட்டார். அம்மானின் அறைக்கு வெளியே கண்ணாடிக்கு இப்பால் நின்றேன். அம்மா அதிகம் பேசவில்லை. வலக்கையைத் தூக்கி அவருடைய மேசையின் நடுவில் வைத்தார், பிடித்து அமர்த்தாமல். அது ஆடியது. இத்தனை மாதம் மகளுக்கே மறைத்ததை அந்த மனிதர் முன்னால் ஆடவிட்டார். அம்மான் அதைப் பார்த்தார். எழுந்து வந்து கதவைச் சாத்தினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. யாராவது பார்ப்பார்கள் என்று கோப்பி ஊற்றும் இயந்திரத்தின் பக்கம் திரும்பி நின்றேன்.

வெளியே வந்து அவர் என்னிடம் சொன்னார். காட்டை மாற்றிப் பாவித்ததற்கு இரண்டு பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வரும், அதைத் தவிர்க்க முடியாது. வேலை போகாது. அம்மா டொக்டரிடம் போக வேண்டும், அதன் பிறகு அரை நாள், பொதி கட்டும் பகுதியில், அங்கே இடுக்கி தேவையில்லை. ஆனால் ஒரு நிபந்தனை. நாளை ஆடிட்டுக்கு முன் தவறாகப் பதிந்த அத்தனையும் திருத்தப்பட வேண்டும். அவர்கள் கையாலேயே.

"நீங்கள் அந்த அறிக்கையை நேற்றே எனக்கு அனுப்பியிருக்க வேண்டும்" என்றார்.

"ஓம்" என்று தமிழில் சொல்லிவிட்டு, ஜெர்மனில் மறுபடி சொன்னேன்.

"அதையும் எழுதி வையுங்கள்" என்றார். பிறகு போகிற போக்கில், "உங்கள் அம்மா மிகவும் நேரான மனுஷி" என்றார்.

முதல் வேலையாகப் பின் நம்பர்களை மாற்ற வைத்தேன். இந்த முறை ஒவ்வொருவரையும் தனித்தனியே, சுவரைப் பார்க்க உட்கார வைத்து. ஞானேஸ்வரி அன்ரிக்கு என்மேல் கடுப்பு. "கூட்டிப் பாக்காமல் போட்டால் வீட்டுக்குக் கூடாது, பிள்ளை" என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

மத்தியானம் அம்மாவும் கலாவதி அன்ரியும் நானும் அம்மாவின் மேசையில் கூடினோம். திருத்தம் அம்மா போட வேண்டும், சாட்சி கலாவதி அன்ரி. அம்மா நீல நாடாக் காட்டைச் சொருகினார். விசைப்பலகையை இடக்கையால் மறைத்துக்கொண்டு, "அங்கால பார்" என்றார் என்னிடம்.

"நான் பாத்தால் என்னம்மா?"

"நீதானே சொன்னனி, ஒருத்தரும் பாக்கக்கூடாதெண்டு."

சுவரைப் பார்த்தேன். பிழை என்று மெஷின் சத்தமிட்டது. மறுபடி பிழை. ஆடுகிற விரல் பக்கத்து எண்ணில் விழுகிறது. மூன்றாவது தடவையும் பிழை. திரை சிவந்து, பத்து நிமிஷத்துக்குப் பூட்டிக்கொண்டது. அந்தப் பூட்டை எழுதியவளும் நான்தான். ஒவ்வொரு வரியையும் எத்தனை கவனமாக எழுதினேன். அதில் ஒரு வரிகூடக் கை நடுங்குகிற ஒரு மனுஷியை நினைத்து எழுதப்படவில்லை.

"இடக்கையால அடியுங்கோ அக்கா" என்றார் கலாவதி அன்ரி.

"இடக்கையும் தொடங்கிட்டுது, கலா" என்றார் அம்மா. அது எனக்கும் புதிது. கலாவதி அன்ரிக்கும் புதிது. பூட்டுத் திறக்கும் வரை மூவரும் உட்கார்ந்திருந்தோம். கலாவதி அன்ரி தன் டப்பாவிலிருந்து பயற்றம் பணியாரம் எடுத்து நீட்டினார். மேசையில் சாப்பிடக்கூடாது என்பது விதி. நான் எடுத்துச் சாப்பிட்டேன்.

திரை திறந்தது. அம்மா கையைத் தூக்கினார், திரும்ப இறக்கினார்.

"சிவா, என்ர கையைப் பிடி" என்றார். "ஆனால் கண்ணை மூடு."

அம்மாவின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தேன். கண்ணை இறுக்கி மூடினேன். தோலுக்குக் கீழே அந்த நடுக்கம் சின்னதாக, விடாமல், ஓடிக்கொண்டிருந்தது. முதல் முறையாக அதைத் தொட்டேன்.

"ஏடு தொடக்கிற மாதிரிப் பிடிக்கிறாய்" என்று அம்மா சிரித்தார். விஜயதசமிக்கு அரிசித் தட்டில் என் விரலைப் பிடித்து 'அ' எழுத வைத்தவர் அவர்தான்.

கண்ணை மூடியிருந்தாலும் கை எங்கே போகிறது என்று தெரியாமல் இருக்குமா? மேலே, பக்கத்தில், கீழே, திரும்ப மேலே. நான்கும் தெரிந்துவிட்டது. அந்தக் காட்டை நிறுத்தி இப்போது சில வருஷமாகிறது, அம்மா வீட்டில் இருக்கிறார், அதனால் சொல்லலாம். அது அப்பா போன நாளும் மாதமும். கூட்டினால் எட்டு. அன்றைக்கு ஞானேஸ்வரி அன்ரி வேண்டாம் என்று தள்ளிய நம்பர். இந்த முறை அம்மா யாரையும் கேட்கவில்லை.

மெஷின் ஏற்றுக்கொண்டது. கண்ணைத் திறந்தேன். 'சோதித்த ஆள்: மனோகரி' என்ற வரியின் கீழே, திருத்தமாக 'கலாவதி' என்று வந்து நின்றது. அடுத்து, காரணம் கேட்டது. நான் எழுதிய பட்டியல். கருவிப் பழுது, பொருள் பழுது, ஆள் தவறு. மூன்றே மூன்று.

அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒவ்வொன்றாக வாசித்தார். "கை நடுக்கம் எண்டு இதில இல்லையோ, பிள்ளை?"

"இல்லையம்மா." நான் பாதி எழுந்தேன். "நான் நினைக்கேல்லை. பொறுங்கோ, இப்பவே போய்ச் சேர்த்துக்கொண்டு வாறன். அம்மானிட்டக் கையெழுத்து வாங்கோணும், பின்னேரத்துக்குள்ள..."

"நாளைக்கு ஆக்கள் வருகினம். இரு" என்றார் அம்மா. என் பிடிக்குள் இருந்த கையை மெல்ல முன்னால் நகர்த்தினார். நானும் கூடவே நகர்ந்தேன்.

"ஆள் தவறெண்டே போடுவம்" என்றார். "நான் ஆள்தானே."

அழுத்தினார். திரை சாட்சியைக் கேட்டது. கலாவதி அன்ரி மூக்கைத் துடைத்துக்கொண்டு தன் காட்டை நீட்டினார். அடுத்த பலகையின் நம்பர் திரையில் வந்தது. நான் அம்மாவின் கையை விடவில்லை.